பெத்தவளுக்கு வெள்ளை அரிசி

டேய் மாணிக்கம்,

கடுதாசின்னா முதல்ல நலம் விசாரிக்கணும்னு நீ பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப எனக்கே பாடம் நடத்துவ. இன்னைக்கு அதை எழுதக் கை வரல. நான் இங்க நல்லா இல்ல, உன் வீட்டுலயும் நல்லா இல்ல. உன் வீட்டுல நல்லா இல்லங்கறது உனக்கே தெரியல, அதைச் சொல்லத்தான் இத்தனை பாடு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாங் கிளாசோட ஓடி வந்தவன். எழுத்து கோழி கெளறுன மண்ணு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து நீ சிரிச்சுக்க, கிடங்குல உன்கூட கணக்கெழுதற கிராணிமாருக்குக் காட்டியும் சிரிச்சுக்க. சொல்ற விசயத்தை மட்டும் சிரிக்காமப் படி.

பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கிள்ளானுக்கு ரயிலு இருக்கு, அங்கருந்து பண்டமாரான்ல உன் வீட்டுக்கு நடந்தே வந்துடலாம், நேர்ல சொன்னா என்னன்னு கேப்ப. நேர்ல வந்தா நானே கெடுத்துடறேன்டா. ஞாயித்துக்கெழமை கெடுத்தேன், நேத்து திரும்பி வந்து அதையும் கெடுத்தேன். வாயத் தொறந்தா கிண்டல்தான் வருது. ஒர்க்‌ஷாப்புல இரும்பு விழுந்து என் கட்டவிரல் நசுங்குனப்ப, "விரலு அப்பளமாயிருச்சு, யாராச்சும் பொரிச்சுக் குடுங்கப்பா"ன்னேன். எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. ரத்தம் தரையில ஓடுனதுக்கப்பறந்தான் ஒருத்தன் ஓடி வந்து கையப் புடிச்சான். நான் அப்படியே வாழ்ந்து தொலைச்சுட்டேன். எனக்கு வலிக்குதுன்னாலும் ஊரு வேடிக்கைன்னுதான் நினைக்கும். காகிதத்துல என் மூஞ்சி தெரியாது பாரு, அதனால எழுதறேன்.

விசயத்தை முதல்லயே சொல்லிடறேன், நீ பாதியில மடிச்சு வெச்சாலும் இது தெரிஞ்சிருக்கணும். உன் பொண்டாட்டி செல்லத்துக்கு உடம்பு சரியில்ல. அவகிட்ட பால் குடிக்கற உன் மகனுக்கும் சரியில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. அது காத்து கருப்பு இல்ல, கண்ணேறு இல்ல, மாந்தமும் இல்ல. பிரசவம் பார்க்க அங்க வந்திருக்கற உங்கம்மா பத்தியம்னு சொல்லி அவளுக்குப் போடற வெள்ளைச் சோத்துல இருந்து வருது. ரெண்டு பேரையும் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. இன்னைக்கே போ. உங்கம்மா குறுக்க படுத்தாலும் தாண்டிப் போ.

"அப்பா ஆரம்பிச்சுட்டாரு"ன்னு இந்த எடத்துல நீ சொல்லுவ. எனக்கு இங்கயே கேக்குது.

நீ பொறந்தது பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல. அங்க கூலிக்காரங்க லயத்துல எல்லா வீட்டுலயும் புழுங்கலரிசிதான் பொங்குவாங்க. பழுப்பா இருக்கும், கொதிக்கறப்ப ஒரு வாடை அடிக்கும், அந்த வாடை சட்டையில கூட ஒட்டிக்கும். நான் ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீட்டுல குடியேறுனதும் உங்கம்மாவுக்கு அந்த வாடை வெக்கமாப் போச்சு. பக்கத்துல எல்லாம் சியாம் வெள்ளை அரிசி, பொங்குனா மல்லிப்பூ மாதிரி இருக்கும். "இன்னுமா தோட்டத்துச் சோறு திங்கறீங்க"ன்னு கிராணி பொண்டாட்டி ஒருத்தி தண்ணிக் கொழாய்கிட்ட கேட்டுட்டாளாம். அவ்வளவுதான், மறுநாள்ல இருந்து நம்ம வீட்டுலயும் வெள்ளை அரிசி. நானும் விடல, "மகாராணி, இன்னைக்கு என்ன விருந்து"ன்னு கேட்டுக் கேட்டு அவள அழ வெச்சேன். ஆனா தின்னேன். ருசியாத்தான் இருந்துச்சு. எனக்கும் உனக்கும் அது ஒண்ணும் பண்ணல. நாம பருப்பு, கீரை, மொச்சை, மீனுன்னு தின்னோம், எனக்குக் கள்ளுக்கடை வேற இருந்துச்சு. புள்ள பெத்துப் பத்தியம் இருக்கறவளுக்கு என்னடா இருக்கு? சோறு, சுட்ட கருவாடு, பூண்டு, மொளகுத் தண்ணி. பருப்புன்னா வாயு, கீரைன்னா குளிர்ச்சி, முட்டைன்னா சூடு, பழம்னா சளி. புழுங்கலரிசி பச்ச உடம்புக்குச் செமிக்காதாம். வெள்ளை அரிசிய, கழுவற தண்ணி கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் கழுவி, வடிச்ச கஞ்சியையும் கொட்டிட்டு, பூ மாதிரி அந்தச் சோத்தப் போடணும். உங்கம்மா அப்படித்தான் போட்டா, இப்பவும் அப்படித்தான் போடறா.

உங்கம்மாவ நான் குத்தம் சொல்லலடா. அவ கஞ்சத்தனம் பண்ணி மருமகளப் பட்டினி போட்டிருந்தா ஒரு சண்டை போட்டு நான் ஜெயிச்சிருப்பேன். கடையில இருக்கறதுலயே வெள்ளையான அரிசியா அவளே போயி உள்ளங்கையில வெச்சுத் தேச்சுப் பார்த்து வாங்கறா. நீயும் அவளும் மட்டமானதத் தின்னுட்டு ஒசந்தத செல்லத்துக்குத் தரீங்க. பாசத்தோட சண்டை போட எனக்கு வழி தெரியல.

உன் மூத்தது பொறந்ததும் இப்படித்தான் நடந்துச்சு, நம்ம பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல. செல்லம் தோட்டத்துப் பொண்ணு, வந்த புதுசுல நல்லா சாப்பிடுவா. நான் சும்மா இருந்தேனா? "மாணிக்கம், உன் பொண்டாட்டி சட்டியையும் கடிச்சுடப் போறா, எடுத்து ஒளிச்சு வை"ன்னு தெனமும் ஒண்ணு சொல்லுவேன். அவளும் சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா என் முன்னால சாப்பிடறத நிறுத்திட்டா. எல்லாரும் சாப்பிட்டதுக்கப்பறம் சமையக்கட்டுல திரும்பி உக்காந்து என்ன தின்னாளோ, நான் பார்க்கல. வயித்துல புள்ள வளரும்போது சோத்தக் கொறைச்சாத்தான் சொகமாப் பெக்கலாம்னு உங்கம்மா வேற சொன்னா. பொண்ணு பொறந்துச்சு. கொழுகொழுன்னு இருந்துச்சு. மூணாம் மாசம் பால் குடிச்சா கக்குச்சு, மூச்சு வாங்குச்சு, போயிருச்சு. மாந்தம்னாங்க. உங்கம்மா யோசிச்சு யோசிச்சு ஒரு காரணம் கண்டுபுடிச்சா, நான் ஒருநாள் செல்லத்துக்குப் பரங்கிக்காய்க் கூட்டு குடுத்தேன், அதுல பத்தியம் கெட்டுப் போச்சு, அதான் புள்ள போச்சுன்னு. அதனால இந்தத் தடவை முப்பது நாள்ல முடிய வேண்டிய பத்தியத்த மூணு மாசத்துக்கு இழுத்துட்டா. எது அந்தப் புள்ளையக் கொன்னுச்சோ, அதையே இந்தப் புள்ளைக்கு மருந்துன்னு இன்னும் அதிகமா ஊட்டறோம்டா.

ஞாயித்துக்கெழமை உன் வீட்டுல புள்ளையக் காக்கற சாமி பெரியாச்சிக்குப் படையல் போட்டீங்களே, அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் வந்ததும் பின்னாடி ரூமுக்குப் போனேன். செல்லம் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா.

"என்ன மருமகளே, கால நீட்டிக்கிட்டு தொரசானி மாதிரி உக்காந்திருக்க"ன்னேன்.

"மாமா, சிரிக்காதீங்க. கால் ரெண்டும் எறும்பு ஊருற மாதிரியே இருக்கு. முந்தாநாளு சுடுதண்ணி கால்ல கொட்டிருச்சு, சுட்டதே தெரியல."

"அத்தைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பச்ச உடம்பு, காத்து பட்டிருக்கும், இன்னும் கொஞ்ச நாளு பத்தியமா இருன்னாங்க."

"அவன்கிட்ட?"

"அவரு பாவம், களைச்சு வராரு."

அவ கணுக்கால விரலால அமுக்கிக் காட்டுனா. மாவுல அமுக்குன மாதிரி குழி விழுந்துச்சு. குழி அப்படியே நின்னுச்சு. அப்ப புள்ள முழிச்சுக்கிட்டு அழுதான். வாய் தொறக்குது, மூஞ்சி சுருங்குது, நெஞ்சு ஏறி எறங்குது. சத்தம் வரல. கம்முன தொண்டையில காத்துப் போற மாதிரி ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். உங்கம்மா உள்ள வந்தா. "பாருங்க, எவ்வளவு சமத்து. அழுதா பக்கத்து வீட்டுக்குக் கூட கேக்காது"ன்னு பெருமைப்பட்டா. மூத்த பொண்ணும் கடைசியில இப்படித்தான் சமத்தாயிருச்சு. நம்ம வீட்டுல யாருக்கும் அது நெனப்பு வரல.

எனக்கு பூச்சோங் நெனப்பு வந்துச்சு. நான் எளவட்டமா இருந்தப்ப தோட்டத்துக்குப் பக்கத்துல சீனவங்க ஈயம் தோண்டுற லம்பம் ஒண்ணு இருந்துச்சு. அங்க வேலை செஞ்ச ஆளுங்களுக்குக் காலு வீங்கும், மரத்துப் போவும். பாதத்தத் தூக்கித் தூக்கி வெப்பாங்க, முட்டியளவு தண்ணியில நடக்கற மாதிரி. நாங்க லயத்துல அவங்க மாதிரி நடந்து காட்டிச் சிரிப்போம். நான்தான் ரொம்ப நல்லா நடப்பேன். கொஞ்ச நாள்ல அந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா நெஞ்சடைச்சு விழுந்தாங்க. நம்ம லயத்துல ஒருத்தனுக்கும் வரல. ஒரே தண்ணி, ஒரே கொசு, ஒரே வெயிலு. அவங்க வெள்ளை அரிசி தின்னாங்க, நாம புழுங்கலரிசி தின்னோம், அதான் வித்தியாசம்னு தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற டிரெஸ்ஸர் சொன்னாரு. அப்பறம் லம்பத்து மொதலாளி தவுக்கே அரிசிய மாத்தி, பச்சைப் பயிறும் அவிச்சுப் போட்டாரு. மிச்சமிருந்தவங்க எந்திரிச்சு நடந்தாங்க. நெல்லோட அவிச்சுக் குத்துனா தவிட்டுல இருக்கற ஏதோ ஒண்ணு உள்ள எறங்கிப் புடிச்சுக்குமாம். அது என்னன்னு என்னைக் கேக்காத, நான் படிக்கல. கண்ணால பார்த்தேன்.

செல்லம் எந்திரிச்சு புள்ளையத் தூக்கப் போனா. பாதத்தத் தூக்கித் தூக்கி வெச்சா.

படையல்ல என்னென்ன வெச்சீங்கன்னு நெனச்சுப் பாரு. ஈரல், கோழி, அவிச்ச முட்டை, முருங்கைக்கீரை, மொச்சை. ஆளுங்க நெறைய வராங்கன்னு மலிவா இருக்கட்டும்னு பெரிய அண்டாவுல புழுங்கலரிசி. மூலையில ஒரு சின்னச் சட்டி, செல்லத்துக்கு மட்டும், வெள்ளைச் சோறு. "ஏன்டி, பெரியாச்சிக்கு மட்டும் பத்தியம் இல்லியா"ன்னு உங்கம்மாவக் கேட்டேன். "சாமியக் கிண்டல் பண்ணாதீங்க, வாயி வெந்துரும்"ன்னா. நான் ஒரு வாழையெலையில எல்லாத்தையும் அள்ளி மடிச்சுத் துண்டுக்குள்ள வெச்சுக்கிட்டு பின்னாடி ரூமுக்கு நழுவுனேன். வாசப்படியில புடிச்சுட்டா.

"ஏங்க, துண்டுக்குள்ள என்ன?"

"தொப்பை."

"தொப்பையில இருந்து கொழம்பு வடியுது."

கூடம் பூரா சிரிச்சுது. "அண்ணே, பந்தியில உக்காந்து தின்னா உள்ள எறங்காதோ"ன்னு எவனோ கேட்டான். நீயும், "பசிச்சா கேளுங்கப்பா, நம்ம வீடுதானே"ன்னு சிரிச்ச. அந்த நேரம் நான் சொல்லியிருக்கணும், இது எனக்கில்ல, செல்லத்துக்கு, அவ செத்துக்கிட்டிருக்கான்னு. எல்லா மூஞ்சியும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கு, என் வாயி என்ன சொல்லுச்சு தெரியுமா? "ரயில்ல பசிக்கும்ல"ன்னுச்சு. இன்னும் பெரிய சிரிப்பு. அப்படியே உக்கார வெச்சு என்னைத் திங்க வெச்சீங்க. அவளுக்குன்னு எடுத்த ஈரலயும் முட்டையையும் நான் தின்னேன். அவ கதவிடுக்குல இருந்து பார்த்துக்கிட்டு இருந்தா.

நேத்து காலையில கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயி யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் ஐயா ஒருத்தரக் கேட்டேன். "தாய்க்குக் கால் விறைக்குதோ?"ன்னாரு. ஆமாங்கன்னேன். "வீக்கம் கிடக்கோ?" கிடக்குங்கன்னேன். "பிள்ளை அழுதா சத்தம் வருதோ?" வரலீங்கன்னேன். எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவ வெச்சுட்டாரு. "தாய் நல்லாச் சாப்பிடுறா எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். அந்தச் சோத்தில ஒண்டுமில்ல. அவவின்ர பாலிலயும் ஒண்டுமில்ல. கெதியா இண்டைக்கே ரெண்டு பேரையும் கொண்டு போய்க் காட்டுங்கோ, நாளைக்கு நாளைண்டைக்கு எண்டு இருக்காதேங்கோ"ன்னாரு. நான் அங்கயும், "ஐயா, அந்தச் சோத்தப் போடற என் வீட்டுக்காரிய எந்த வார்டுல சேக்கலாம்"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல. வாழ்க்கையில முத தடவை ஒருத்தன் சிரிக்காதது எனக்குப் பயமா இருந்துச்சு. புள்ள பொழைக்குமாங்கன்னு கேட்டேன். அவரு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

அங்கருந்து நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ வேலையில இருந்த. உங்கம்மா வாசல்லயே, "திருடித் தின்னது பத்தலியா"ன்னா. டிரெஸ்ஸர் சொன்னத ஒண்ணு விடாம சொன்னேன். "ஏன், அந்த டிரெஸ்ஸர் எத்தனை பெத்தாராம்"னு கேட்டா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நீ சாயந்தரம் வந்த, களைச்சுப் போயி. நான் சொல்ல ஆரம்பிச்சதுமே, "டிரெஸ்ஸர் பேரச் சொல்லி அடுத்த கூத்தாப்பா? சனிக்கெழமை பேசிக்கலாம்"னு என் தோள்ல தட்டுன. அன்பாத்தான் தட்டுன. எனக்கு இன்னைக்கு ரயில்வே ஒர்க்ஷாப் கேட்டுல காவல், லீவு கெடையாதுன்னுட்டாங்க. அதான் எழுதி, துறைமுகத்து ரயில்ல வர்ற கார்டு ஒருத்தர் கையில குடுத்து உன் கிடங்குலயே சேக்கச் சொல்லியிருக்கேன். சனிக்கெழமை வரைக்கும் இது நிக்காதுடா.

உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நீயே படிச்சுக் காட்டு. அவ சிரிப்பா. சிரிக்கட்டும், அவ சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நீ ரிக்‌ஷா கூப்பிட்டுரு. பத்தியத்த முறிச்ச பாவம் என் தலையில இருக்கட்டும்னு சொல்லு. அப்பறம் இந்தக் காகிதத்த மடிச்சு வெச்சுக்காத. உன் தெருவுல புள்ள பெத்தவ இருக்கற வீடு எது எதுன்னு உனக்குத் தெரியும், அங்கயும் போயிப் படி. நம்ம பிரிக்பீல்ட்ஸ் வரிசையிலயும் மாந்தம் மாந்தம்னு எத்தனை தொட்டில அவுத்தாங்க. எல்லாம் தோட்டத்துல இருந்து வந்து வெள்ளை அரிசிக்கு மாறுன வீடு. இப்பத்தான் ஒவ்வொரு கதவா எனக்கு நெனப்புக்கு வருது. அந்தக் கதவத் தட்டி இப்ப என்ன சொல்றது? தட்டுனா என்னைப் பார்த்ததும் சிரிப்பாங்க.

பொய் சொல்லத் தெரியாம போச்சு இன்னைக்கு எனக்கு. புள்ளைய நெனச்சா எனக்கு நம்பிக்கை இல்லடா மாணிக்கம். டிரெஸ்ஸர் பதில் சொல்லாம விட்டதுதான் பதில். இருந்தாலும் தூக்கிட்டுப் போ, என் வாயி பொய்யாகட்டும். செல்லத்துக்கு இன்னும் நேரம் இருக்குன்னு நெனைக்கறேன். ஆனா இந்தக் கடுதாசி உன் கையில கெடைக்கறதுக்குள்ள புள்ள போயிட்டான்னு வை, எல்லாரும் அழுவீங்க, ஆளுங்க வருவாங்க, வீட்டுல அடுப்பு எரியாது. மூத்தது போனப்ப என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ கூடத்துல கவுந்து கெடந்த. பக்கத்து வீட்டுல இருந்து சோறு வந்துச்சு. ஆம்பளைங்க சாப்பிட்டோம், அப்பறம் வந்தவங்க சாப்பிட்டாங்க. பால் கட்டி நெஞ்சு வலிக்க மூலையில கெடந்தவளுக்கு ஒரு கை சோறு எடுத்து வெக்கணும்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. ரெண்டு நாளு.

அப்படி ஆயிருச்சுன்னா, நீ அழறத நிறுத்திட்டு எந்திரி. பக்கத்துல எங்கயாவது புழுங்கலரிசிச் சோறும் அவிச்ச பயிறும் வாங்கு. முட்டை கெடச்சா முட்டை. துக்க வீட்டுல என்னடா இதுன்னு பேசுவாங்க, காதுல வாங்காத. அவ வேணாம்பா. அதையும் காதுல வாங்காத. நீயே பெசஞ்சு ஊட்டு.

அப்பா